அப்பாவின் மூளை ஸ்கேனும் பழைய குறுந்தகடும்

ரப்பர் பால் வெட்டி எங்களை வளர்த்த என் அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் லேசான பக்கவாதம் வந்து, இடக்கை ஒரு மாதத்தில் தேறியது. இவ்வாண்டு அவருடைய நடை தளர்ந்து, சொன்னதையே திரும்பச் சொல்லத் தொடங்கியதும் நரம்பியல் மருத்துவர், வலுவான காந்தத்தைக் கொண்டு மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் தொலைபேசி வழியாக நேரம் வாங்கினேன். குலசேகரத்திலிருந்து அதிகாலையில் பஸ் ஏறிப் போய், பணம் கட்டி, இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகே, உடலில் உலோகம் ஏதும் உண்டா என்று கேட்கும் படிவத்தை நீட்டினார்கள். 2019இல் இதயக் குழாயில் ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழல் வைத்ததை எழுதியதும், அதன் வகையைக் குறித்துத் தரும் அட்டையைக் கேட்டு, "ஸ்டென்ட் கார்டு இல்லாம உள்ளே விட முடியாது" என்றார் கவுண்டரில் இருந்தவர். பெரும்பாலான ஸ்டென்ட்கள் எம்.ஆர்.ஐ.க்குத் தடையல்ல, ஆயினும் வகை தெரியாமல் அவர்கள் தயங்கியதில் தவறில்லை. நேரம் கொடுத்தபோதே இதைக் கேட்டிருக்கலாம் என்பதுதான் இன்னும் ஆறவில்லை. "பரவாயில்ல மக்களே" என்ற அப்பாவை, நாலடிக்கு ஒருமுறை நிறுத்தி, வெயிலில் பஸ் நிலையத்துக்குத் திருப்பி நடத்தி வந்தேன்.

கார்டைத் தேடிய அலமாரியிலேயே பழைய ஸ்கேனின் குறுந்தகடும் கிடைத்தது. மறுமுறை சாதாரண மூளை ஸ்கேன் என்றே பதிவு செய்யப் போனார்கள். மருத்துவரோ சீட்டில் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற தனிவகை எம்.ஆர்.ஐ. படமும் கேட்டு எழுதியிருந்தார். அப்பா, இரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்; அதனால் இரத்தக் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டியிருந்தது. மூளையின் நுண்ணிய இரத்தக் கசிவுகள் விட்டுப்போகும் இரும்புக் கறை அந்தப் படத்தில்தான் கரும்புள்ளிகளாகத் தெளிவாகத் தெரியும். சீட்டைக் காட்டித் திருத்தச் செய்தேன். ஸ்கேன் அரை மணி நேரத்தில் முடிந்தது.

அறிக்கையில் "வயதுக்கேற்ற மாற்றங்கள்" என்ற ஒற்றை வரியே இருந்தது. விடாமல் நின்று, குறுந்தகட்டைக் கொடுத்து, பழையதோடு ஒப்பிட்டு எழுதித் தரும்படி கதிரியக்க மருத்துவரிடம் கேட்டேன். மறுநாள் வந்த அறிக்கை முற்றிலும் வேறாக இருந்தது. ஃப்ளேர் என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்மையாகத் தெரியும், மூளையின் சிறு இரத்தக் குழாய்கள் பழுதடைவதைக் காட்டும் திட்டுகள், அவற்றின் அளவை 0 முதல் 3 வரை மதிப்பிடும் ஃபசேகாஸ் அளவில் 1இலிருந்து 2ஆகப் பெருகியிருந்தன. எங்களுக்குத் தெரியாமலேயே மூளையின் சிறு இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டுப் புதிய குழிவு ஒன்றும் உண்டாகியிருந்தது. நுண்கசிவு ஒன்றுமில்லை என்று படித்தபோது கண் கலங்கிவிட்டது.

மருத்துவர் ஆஸ்பிரினைத் தொடரச் சொல்லி, இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். காலையும் மாலையும் அழுத்தத்தை அளந்து நோட்டில் எழுதுகிறேன். இரண்டு குறுந்தகடுகளும் ஸ்டென்ட் கார்டும் இப்போது அப்பாவின் மருந்துப் பையிலேயே இருக்கின்றன.