நடிகருக்குப் பின்னால் கருவி வரட்டும்

எங்கள் கத்தோலிக்கப் பங்கு ஆலயத் திருவிழா நாடகத்துக்கு இந்த வருடம் எல்.இ.டி. திரை வருகிறது. வரட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வசனம் முழுவதையும் முன்கூட்டியே பதிவுசெய்து, அதற்கு வாயசைத்து நடிக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு ஓடுகிறது. பேச ஆள்கூட வேண்டாமாம், ராஜா, தாய், காவலன் என்று எல்லாக் குரலையும் ஏ.ஐ.யே தந்துவிடுமாம். இந்த ஊரில் நாடகம் எழுதி இயக்குகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணக்குடி, குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் நாடகம் என்றால் நடிப்பது ஊர்க்காரர்கள்தான். கடலுக்குப் போகிறவர்கள், வாத்தியார்கள், கல்லூரிப் பிள்ளைகள்.

நாங்கள் போடுவது தேவசகாயம் பிள்ளை நாடகம். திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடம் அதிகாரியாக இருந்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் தாகத்தோடு முழங்கையால் இடிக்கத் தண்ணீர் ஊறியதாக மக்கள் நம்பும் முட்டிடிச்சான் பாறை புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. நாடகத்தில் அந்தக் காட்சிக்காகத் தெர்மோகோல் பாறைக்குப் பின்னால் ஒரு பையன் குடமும் ரப்பர் குழாயுமாக உட்கார்ந்திருப்பான். இனி ஊற்று திரையில் வரும். அழகாகத்தான் இருக்கும்.

அந்த இடத்தில், தேவசகாயமாக நடிக்கும் எங்கள் அண்ணன் ஒருவர், கையில் விலங்கோடு, "தண்ணி..." என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு நிற்பார். எவ்வளவு நேரம் நிற்பார் என்று அவருக்கே தெரியாது. முன்வரிசைப் பாட்டிமார் "மாதாவே" என்று அழ ஆரம்பிப்பார்கள். அது அடங்கினால்தான் அடுத்த வசனம். ஒருமுறை ஓர் அம்மா நேராக மேடையோரம் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டார். அண்ணன் விலங்குக் கையைத் தூக்கிக் கும்பிட்டு, "இவங்க குடிக்க விடமாட்டாங்க தாயே" என்றார். வேல்பிடித்து நின்ற காவலன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டுமே நான் எழுதியதில் இல்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தால் அந்த அம்மாவுக்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

2016-இல் இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, இன்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து 'தி டெம்பெஸ்ட்' நாடகம் போட்டது. ஏரியல் என்ற ஆவியாக நடித்தவர் உடம்பெல்லாம் சென்சார் பொருத்திய உடையோடு மேடையிலேயே நின்றார். அவர் கையைத் தூக்கினால் ஒளியில் மிதந்த உருவமும் தூக்கியது. அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் ஏற்பாடும் ஒரு மனிதனைப் பார்த்துத்தான் அசைந்தது. நம் நாகர்கோவில் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தும் அப்படித்தானே? வெள்ளைத் துணி, விளக்கு, ஆட்டுத்தோல் பாவை எல்லாம் கருவிதான், ஆனால் கையும் குரலும் திரைக்குப் பின்னால் உயிரோடு இருக்கின்றன. 2021-இல் பிராக் நகரில் ஜிபிடி-2 என்ற ஏ.ஐ. எழுதிய வசனங்களை வைத்து ஒரு நாடகமே போட்டார்கள். அதிலும் தேர்ந்தெடுத்துத் திருத்தியதும் நடித்ததும் ஆட்கள்தான்.

கமிட்டிக்காரர்கள் சொல்லும் காரணத்தையும் தள்ளிவிட முடியாது. கடல் காற்று மைக்கில் இரைகிறது, பின்னால் மணலில் இருப்பவர்களுக்கு வசனம் கேட்பதில்லை. அதற்குப் பஞ்சு போட்ட காலர் மைக் வாடகைக்கு எடுங்கள் என்கிறேன். திரைக்கு வரும் படங்களைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு, நாடகம் தெரிந்த ஒருவரை லேப்டாப்பில் உட்கார வைப்போம். அண்ணன் பாறையை இடித்த பிறகு அவர் பொத்தானை அமுக்கட்டும். வசனத்தையும் அதே திரையின் அடியில் எழுத்தாக விட்டால், காது கேளாதவர்களும் கூடவே வருவார்கள்.

ஏ.ஐ.க்கும் வேலை இருக்கிறது. உப்புக்காற்றில் மக்கிப்போன பழைய நாடக நோட்டுகளைப் போட்டோ எடுத்து எழுத்தாக மாற்ற அதைத்தான் பயன்படுத்துகிறேன். பிழை வரும், உட்கார்ந்து திருத்த வேண்டும், ஆனாலும் முழுவதையும் தட்டச்சு செய்வதைவிட எவ்வளவோ மேல். ஆழ்கடலுக்குப் போகிற பையன்கள் எதிராளி வசனத்தை போனில் பதிந்து கொண்டுபோய், வலை கிடக்கிற நேரத்தில் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணுகிறார்கள்.

அடுத்த ஒத்திகையில் பாறைக் காட்சியை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டப்போகிறோம். பாட்டிமாரையும் கூப்பிட்டிருக்கிறேன். கமிட்டியும் அவர்களோடு இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும்.