கைக்குப் பழகிப்போன குறைகள்

நாலைந்து வருடம் ஒரே பைக்கை ஓட்டியவருக்கு அதன் குறைகள் கண்ணில் படாது. கை அவற்றைச் சரிக்கட்டிக்கொண்டே போய்விடும். முன் பிரேக் லீவர் பாதி தூரம் வந்த பிறகுதான் பிடிக்கும் என்று விரலுக்குத் தெரியும். நாலாம் கியரிலிருந்து ஐந்துக்குச் சற்று அழுத்தித் தூக்காவிட்டால் நடுவில் நியூட்ரல் போல நழுவும் என்று காலுக்குத் தெரியும். ஓட்டிப் பழகிய ஒருவர் இந்த வண்டியை வாங்க வந்தால் ஒரு சுற்று போய்வந்து, "பிரேக் பஞ்சு மாதிரி இருக்கே" என்று விலையைக் குறைப்பார். புதிதாக ஓட்டப்போகிறவருக்கு ஒப்பிட வேறு பைக் கிடையாது. பிரேக் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று எடுத்துக்கொள்வார்.

இப்படிப் புதிதாக ஓட்டப்போகிறவருக்கு உங்கள் பைக்கை விற்கும்போது, அவர் எப்படி ஓட்டுவார் என்பது உங்கள் கையில் இல்லை. வண்டி ஒழுங்காக இருக்கிறதா, அதன் குணம் அவருக்குத் தெரிகிறதா என்ற இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

முதலில் ஆளைப் பற்றி. "ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. "கொஞ்சம் ஓட்டுவேண்ணா" என்ற பதிலுக்குள், தெருமுனை வரை நண்பனின் வண்டியில் போனதும் அடங்கும், ஆறு மாதம் தினமும் ஓட்டியதும் அடங்கும். லைசென்ஸ் எப்போது எடுத்தீர்கள், கடைசியாக ஓட்டியது கியர் வண்டியா ஸ்கூட்டரா, எத்தனை நாள், எந்த மாதிரி சாலையில் என்று கேளுங்கள். ஸ்கூட்டரிலிருந்து வருகிறவரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே இடது கை லீவர் பிரேக். பைக்கில் அது கிளட்ச். பதறும்போது கை பழைய வேலையைத்தான் செய்யும். இடது கையை இறுக்கிப் பிடிப்பார், கிளட்ச் விடுபடும், இன்ஜின் கொடுக்கும் பிடியும் போய் வண்டி உருண்டுகொண்டே இருக்கும்.

1981ல் வெளியான ஹர்ட் அறிக்கையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. விபத்துக்குள்ளானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் குறிப்பிட்ட பைக்கை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மொத்தமாகச் சாலையில் ஓட்டிய அனுபவம் என்று பார்த்தாலோ கிட்டத்தட்ட மூன்று வருடம். 92 சதவீதம் பேர் தாங்களாகவே அல்லது வீட்டார், நண்பர்களிடம் கற்றுக்கொண்டவர்கள். பழைய ஆய்வுதான். ஆனாலும் ஓட்டத் தெரிந்தவருக்கே புது வண்டியின் முதல் மாதங்கள் ஆபத்தானவை என்பது அதில் தெரிகிறது. ஓட்டவே தெரியாதவருக்குப் புது வண்டி, புதுப் பழக்கம் இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

வண்டி அவருக்குப் பொருந்துமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் படிப்படியான லைசென்ஸ் முறை ஒரு நல்ல அளவுகோல். முதல் படியில் 125 சிசி, 11 கிலோவாட். அதாவது சுமார் 15 குதிரைத்திறன். அடுத்த படியில் 35 கிலோவாட், சுமார் 47 குதிரைத்திறன். அதிலும் ஒரு கிலோ எடைக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடாது. 600 சிசி நாலு சிலிண்டர் ரேஸ் ரக வண்டி நூறு குதிரைத்திறனைத் தாண்டும். அதை முதல் வண்டியாகக் கேட்டு வருகிறவருக்கு விற்காமல் இருப்பதே சரி. சுற்றி வளைக்க வேண்டாம். "இது உங்களுக்கு ரெண்டாவது வண்டியா இருக்கட்டும்" என்றால் போதும். அவர் வேறு யாரிடமாவது வாங்கத்தான் போகிறார், நாம் விற்றால் என்ன என்ற வாதம் வரும். அந்த வாதத்துக்கு முடிவே கிடையாது. ஒவ்வொருவரும் அதையே சொல்லலாம்.

உயரத்தையும் பார்த்துவிடுங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமாவது தரையில் ஊன்ற வேண்டும். எட்டவில்லை என்று ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயை, மேலே ஏற்றிக் கட்டி வண்டியைத் தாழ்த்தித் தருகிறேன் என்று கிளம்பாதீர்கள். முன்பக்கம் மட்டும் இறங்கினால் ஹாண்டில் படபடப்பாகும். இரண்டு பக்கமும் இறக்கினால் சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நிற்கும். சின்னத் தள்ளலுக்கே மறுபக்கம் சாயும்.

இனி வண்டி. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ன் 23வது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். அதைப் போட்டு விற்காதீர்கள். பள்ளத்துக்குள் தெரியும் தேய்மான மேடு பெரும்பாலான பைக் டயர்களில் 0.8 மில்லிமீட்டர் உயரம். அது மட்டத்துக்கு வந்துவிட்டால் பேச்சே இல்லை. மாற்றுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. புது டயரின் மேல்பரப்பு வழவழவென்று இருக்கும். பிடிப்பு முழுதாக வர நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஆகும். ஆகவே மாற்றிய கையோடு சாவியைக் கொடுக்காமல், அந்தத் தூரத்தை நீங்களே ஓட்டித் தேய்த்துவிட்டுக் கொடுங்கள்.

பிரேக்கில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். லீவரை இழுத்தால் கல் போல ஓரிடத்தில் நிற்க வேண்டும். பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று. அழுத்திப் பிடித்தபடியே மெல்ல மெல்ல ஹாண்டிலை நோக்கி இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது லீவரை ஒட்டி பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. ஆயில் டப்பாவின் ஜன்னல் வழியே பாருங்கள். தேன் நிறத்திலிருந்து காப்பி நிறத்துக்குப் போயிருந்தால் மாற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்குகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வரும் பழக்கம் புதியவர்களுக்கு உண்டு. ஆயில் கொதித்து ஆவியானால் லீவர் வெறுமனே உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. கடைசியாக மாற்றியது நினைவில் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேட் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வந்திருந்தால் புதிது போடுங்கள். போட்டவுடன் லீவரை நாலைந்து முறை அடித்து அழுத்தம் வரவைக்காமல் வண்டியை நகர்த்தக்கூடாது. முதல் இழுப்பில் பிரேக்கே இருக்காது. புதுப் பேட் டிஸ்க்கோடு படியவும் சில பத்துக் கிலோமீட்டர் வேண்டும், அதுவும் உங்கள் ஓட்டத்திலேயே முடியட்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் சாவி போட்டதும் அதன் விளக்கு எரிந்து, சற்று நகர்ந்ததும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் குறையை மறைக்க யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம். இரண்டாம் கையாக வாங்கி விற்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பின் விளக்கு முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் தனித்தனியாக எரிகிறதா என்று பாருங்கள். முன் லீவர் ஸ்விட்ச் போனது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டால் படக்கென்று திரும்பி மூட வேண்டும். ஹாண்டில் இடது கடைசியில் இருக்கும்போதும், வலது கடைசியில் இருக்கும்போதும். இன்ஜின் ஓடும்போது ஹாண்டிலைத் திருப்பினால் சுற்று ஏறுகிறதா? கேபிள் இழுபடுகிறது. மெதுவாக வளைந்து திரும்பும்போது வண்டி தானாகப் பாயும். புதியவர் அங்கேயே விழுவார். கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு போதும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹாண்டிலை மெல்ல இருபக்கமும் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு குழியில் விழுந்ததுபோல நின்றால் கோன் செட், அதாவது ஹாண்டில் திரும்பும் இடத்து பேரிங், தேய்ந்திருக்கிறது. அந்த வண்டி நேர்கோட்டில் தள்ளாடும், ஓட்டுபவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். ஃபோர்க் ஆயில் சீல் கசிந்தால் ஆயில் டிஸ்க்கில் இறங்கும். செயின் தளர்வு எவ்வளவு என்று பல வண்டிகளில் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கர் இருக்கும். தெரு வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றி, செயின் அதிகம் இறுகும் இடத்தில் அளக்க வேண்டும்.

ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது வண்டி கிளம்பாமல் தடுக்கும் சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச் தொல்லை கொடுக்கிறது என்று வயரை இணைத்து ஓட்டும் வழக்கம் பரவலாக உண்டு. ஸ்டாண்டை மடக்க மறந்து இடதுபுறம் திரும்பினால் அது தரையில் குத்தும், மறப்பது புதியவர்தான். ஸ்விட்ச்சை மாற்றி, பழையபடி வேலை செய்ய வைத்துக் கொடுங்கள். அகல டயர், சின்ன ஸ்ப்ராக்கெட், குட்டைக் கண்ணாடி என்று நீங்கள் மாற்றியவை எல்லாம் கம்பெனி நிலைக்குத் திரும்பட்டும். பழைய கண்ணாடியைத் தேடி எடுப்பது சிரமம்தான். பின்னால் வருவது தெரியாமல் லேன் மாறுவது அதைவிடச் சிரமம்.

சோதனை ஓட்டத்துக்குப் புதியவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். முதல்முறை ஏறும் வண்டியில், விற்பவர் பார்த்துக்கொண்டிருக்கும் பதற்றத்தில், போக்குவரத்துக்குள் போவதற்கு ஒரு அவசியமும் இல்லை. வண்டி பார்க்கத் தெரிந்தவரை அழைத்து வரச் சொல்லி, அவர் ஓட்டட்டும். வாங்கியபின் முதல்முறை வீட்டுக்கு ஓட்டிப்போவதும் அந்த நண்பராக இருக்கட்டும், அல்லது நீங்களே கொண்டுபோய் விடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நிறையச் செய்யலாம். முதலில் வண்டியை நிறுத்தியபடி லீவர்களை அவர் விரலுக்கு ஏற்பத் திருப்பி வையுங்கள். உங்கள் கை நீளத்துக்கு இருந்தது அவருக்கு எட்டாமல் போகலாம். கண்ணாடி, கியர் லீவர் உயரம், பின் பிரேக் பெடல் உயரம் எல்லாம் அவர் உட்கார்ந்த நிலையில். பிறகு கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி ஹாஃப் கிளட்ச்சில் நடை வேகம். பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி நேராக, அப்புறம் பெரிய எட்டு. ஹாண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். புது ஆட்கள் நின்ற இடத்தில் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அப்புறம் நிறுத்தப் பழகுவது. 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, பிறகு 30, பிறகு 40. முன் லீவரைப் பறிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல அழுத்தம் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எடை முன்சக்கரத்துக்கு இறங்கிய பிறகுதான் டயர் முழு பிரேக்கைத் தாங்கும். அதற்கு முன் பறித்தால், ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவே" என்று யாரோ சொல்லிக் கேட்டிருப்பார். கணக்கைக் காட்டுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. காய்ந்த சாலையில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்தால், பிடித்த இடத்திலிருந்து சுமார் 20 மீட்டரில் நிற்கும். பின் பிரேக் மட்டும் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏபிஎஸ் இருந்தால் சரளை மண் ஓரத்தில் குறைந்த வேகத்தில் பின் பிரேக்கை அழுத்தி, பெடல் கடகடவென்று உதைப்பதை உணர வையுங்கள். முதல்முறை அது நிஜ அவசரத்தில் உதைத்தால் ஏதோ உடைந்துவிட்டது என்று காலையும் கையையும் எடுத்துவிடுவார். இதெல்லாம் பயிற்சி வகுப்புக்கு மாற்று ஆகாது. ஒரு வகுப்பில் சேரச் சொல்லுங்கள்.

ஹெல்மெட்டைக் கூடவே கொடுக்க நினைத்தால் உங்கள் பழையதைக் கொடுக்காதீர்கள். அது உங்கள் தலைக்குப் படிந்தது, எத்தனை முறை கீழே விழுந்தது என்பதும் நினைவிருக்காது. அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டு புதிதாக வாங்கச் சொல்லலாம். வாரைக் கட்டிய பிறகு பின்புறத்திலிருந்து மேலே தள்ளினால் கழன்று வரக்கூடாது.

உரிமை மாற்றத்தையும் இன்சூரன்ஸையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். உங்கள் பெயரில் இருக்கும்வரை கடிதங்கள் உங்களுக்குத்தான் வரும். ஒரு தாளில் குளிர்ந்த டயருக்கான காற்றழுத்தம், செயின் தளர்வு, இன்ஜின் ஆயில் ரகம், கடைசியாக எதை எந்தக் கிலோமீட்டரில் மாற்றினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வண்டியின் சின்னக் குணங்களையும் சேர்த்து எழுதுங்கள்; அந்த நாலாம் கியர் நழுவலைச் சரிசெய்யாமல் விற்பதாக இருந்தால் அதுவும்தான். முதல் ஆயிரம் கிலோமீட்டர் பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம் என்று கோடிட்டு எழுதலாம்.

ஒரு வாரத்தில் "அண்ணா, ஏதோ சத்தம் வருது" என்று போன் வரும். வண்டி வேகத்தோடு கூடுகிறதா, இன்ஜின் சுற்றோடு கூடுகிறதா என்று கேளுங்கள். கிளட்ச்சைப் பிடித்து உருளவிட்டும் சத்தம் தொடர்ந்தால் சக்கர பேரிங் அல்லது செயின் பக்கம். சுற்றோடு ஏறி இறங்கினால் இன்ஜின் பக்கம், மெக்கானிக்கிடம் விடச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் என்றால், மெக்கானிக் வரும்வரை வண்டி நின்ற இடத்திலேயே இருக்கட்டும்.