பெரியம்மைக்கு முன்னும் பின்னும்

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்குப் பொருந்தும் மரபுப் பண்புகள் தலைமுறை தலைமுறையாகப் பெருகுவது, என்றால் இங்கிலாந்தின் அந்துப்பூச்சியைக் காட்டுவதே வழக்கம். இந்த முறை கனடாவின் மேற்குக் கரையைக் காட்டினேன்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரின்ஸ் ரூப்பர்ட் துறைமுகப் பகுதியின் பூர்வகுடிகள் சிம்ஷியன் மக்கள். அவர்களின் மூதாதையர் 25 பேர், இன்றைய தலைமுறையினர் 25 பேர் ஆகியோரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. ஹெச்எல்ஏ-டிக்யூஏ1 என்னும் நோய்த்தடுப்பு மரபணுவின் சில வடிவங்கள் மூதாதையரில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தன. அங்கிருந்த கிருமிகளுக்கு எதிராக அவை உதவியிருக்க வேண்டும். பிறகு ஐரோப்பியர் வந்தார்கள், பெரியம்மையும் வந்தது. சுமார் 175 ஆண்டுகளுக்கு முன் மக்கள்தொகை பாதிக்கும் மேல் சரிந்தது. பழைய கிருமிகளுக்கு உதவிய அவ்வடிவங்கள் புதிய நோய்க்கு முன் உதவாமல் போயிருக்கலாம்; இன்று அவை 36 விழுக்காட்டினரிடம்தான் காணப்படுகின்றன.

"அப்படியானால் அவர்கள் உடம்பு பலவீனமா, சார்?" என்றாள் ஒரு மாணவி. இல்லவே இல்லை. அறியாத கிருமியோடு நிலப்பறிப்பும் பசியும் சேர்ந்து தாக்கியதை உடம்பின் குறை என்று எழுதுவது அநியாயம். இதை அழுத்திச் சொன்னேன்.

நம் ஊரிலும் இதே ஹெச்எல்ஏ மரபணுக் குடும்பத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் ஹெச்எல்ஏ-டிஆர்2 வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டார்கள். அந்த வகை இருப்பதாலேயே நோய் வந்துவிடாது; வாய்ப்புதான் கூடுகிறது. எங்கள் பிள்ளைகள் இதைச் சாதிப் பெருமையாகத் திரித்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்டு. அதனால் அடுத்த வகுப்பில், ஒரே சாதி என்ன, ஒரே வீட்டு உடன்பிறப்புகளுக்குள்ளும் ஹெச்எல்ஏ வகைகள் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான் என்பதைக் கரும்பலகையில் கணக்காகவே போடப்போகிறேன்.