வடக்குச் சுவரோரப் பெரணிகள்

மார்ச் 16, 2024
யார்க்‌ஷயரில் உள்ள எங்கள் வீட்டின் வடக்குச் சுவரோரத்தில் கோடையில்கூடக் காலையிலும் மாலையிலும் சற்று நேரமே வெயில் படும். பாறைத் தோட்டம் அமைக்க இந்த இடத்தைத் தேர்ந்தபோது, செடிகள் குளிரைத் தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பாறையிடுக்குகளில் வாழும் சிறு பெரணிகள் உறைபனிக்கு அஞ்சுவதில்லை. குளிர்காலத்தில் குருத்தைச் சுற்றித் தேங்கும் ஈரமே அவற்றை அழுகவைக்கிறது. எனவே அடியில் செங்கல் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் இலைமக்கும் பொடிச்சரளையும் சம அளவில் கலந்த மண்ணை மேடாகக் குவித்திருக்கிறேன். உரம் எதுவும் சேர்க்கவில்லை.

மார்ச் 30
இங்கிள்பரோ மலையைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறைத் தளங்களின் ஆழமான பிளவுகளில் இப்பெரணிகள் தாமாகவே வளர்கின்றன. அத்தகைய தளங்களிலிருந்து கல்லைப் பெயர்ப்பதைத் தடுக்க பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம் வழிசெய்கிறது. நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவதும் அச்சட்டப்படி குற்றம். இடிக்கப்பட்ட பழைய மதிலொன்றின் சுண்ணாம்புக் கற்களே எனக்குப் போதுமானவை. ஒவ்வொரு கல்லையும் மூன்றிலொரு பங்கு புதைத்து, மழைநீர் உள்நோக்கி வழிந்து வேரைச் சேரும்படி மேட்டின் பக்கமாகச் சாய்த்து வைத்தேன்.

ஏப்ரல் 20
ஆஸ்பிளீனியம் டிரைக்கோமேனஸ் நட்டாயிற்று. கரிய காம்பின் இருபுறமும் சிறு வட்ட இலைகள் அடுக்கிய, என்றும் பசுமையான பெரணி இது. வாங்கும்போது துணைச்சிற்றினத்தின் பெயரையும் கேட்டறிவது நல்லது. குவாட்ரிவேலன்ஸ் சுண்ணாம்பை விரும்புவது, டிரைக்கோமேனஸ் என்றே பெயர்பெற்ற மற்றொன்று அமிலத்தன்மையுள்ள பாறைக்கு உரியது. செடியைப் படுக்கைவாட்டில் இடுக்கில் செருகி, குருத்து மண்ணுக்கு வெளியே இருக்குமாறு சிறு கல்லால் இறுக்கினேன்.

சுண்ணாம்பை வெறுக்கும் பிளெக்னம் ஸ்பைகன்ட் என்ற பெரணி, மணற்கல் வைத்த தனி மூலைக்குப் போயிற்று.

ஜூன் 29
எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்பிளீனியம் செட்டராக். வறண்டால் இலைகளைச் சுருட்டிக்கொண்டு, அடிப்புறத்துப் பழுப்புச் செதில்களை வெளியே காட்டும்; பார்ப்பவர் பட்டுப்போனதென்றே நினைப்பார். நீர் கிடைத்ததும் மீண்டும் விரிந்துவிடும். மற்றவற்றைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டுவதால் இதை மேட்டின் உச்சியில் வைத்தேன்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பெரணி மோகம் பரவி, அரிய இனங்களைக் காட்டிலிருந்து கூடைகூடையாக அள்ளினார்கள். அந்த மோகத்துக்கு எழுத்தாளர் சார்ல்ஸ் கிங்ஸ்லி 1855இல் 'டெரிடோமேனியா', அதாவது பெரணிப் பித்து, என்று பெயரிட்டார். பித்து என்பது பொருத்தமான சொல்தான்.

நவம்பர் 9
சிஸ்டாப்டெரிஸ் ஃபிராஜிலிஸ் என்ற பெரணி இலைகளை முழுவதும் உதிர்த்துவிட்டது; வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும் என்பதால் அந்த இடத்தில் அடையாளக் குச்சியொன்றை நட்டேன். டிரைக்கோமேனஸின் மொட்டைக் காம்புகளை மார்ச் மாதம் வெட்டினால் போதும். கோடை முடிவில் சேகரித்த அதன் வித்துத்தூளை, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த மண்ணில் தூவி, நெகிழித் தாளால் மூடியிருக்கிறேன். முதலில் பாசிபோன்ற பச்சைப் படலந்தான் தோன்றும். அதிலிருந்துதான் பெரணி முளைக்கும் என்பதால், அதைக் களையென்று சுரண்டிவிடக் கூடாது.