காக்கையிற் கரிது களம்பழம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் மகன் ஆங்கிலத் தேர்வின் விடைத்தாளோடு வந்து நின்றான். ஆற்று மணலைவிடத் தேரி மணல் சிவப்பு என்னும் வாக்கியத்தில் அவன் ‘மோர் ரெட்டர்’ என்று எழுதியிருந்தான். ‘மோர்’ அடிக்கப்பட்டிருந்தது, காரணம் எழுதப்படவில்லை. அடுத்த வரியில் இருந்த ‘ஆரஞ்சர்’ முழுவதுமாகவே அடிபட்டிருந்தது. “ரெட்டுக்குப் போட்ட மாதிரி ஆரஞ்சுக்கும் போட்டா ஏன் மாமா தப்புங்காவ?” என்று கேட்டான்.

முதல் பிழை நம் எல்லாருக்கும் உரியது. ‘விட’ என்று ஒன்றைச் சொல்லி, ‘அதிகச் சிவப்பு’ என்று இன்னொன்றையும் சேர்த்துப் பழகிய நாக்கு, ஆங்கிலத்திலும் இரண்டையும் போட்டுவிடுகிறது. அங்கே ‘அர்’ என்னும் விகுதியோ ‘மோர்’ என்னும் சொல்லோ, ஏதேனும் ஒன்றுதான் வரலாம். ரெட், பிளாக், ஒயிட், கிரீன், புளூ, பிரவுன், கிரே, பிங்க் ஆகிய ஓரசைச் சொற்கள் எல்லாம் விகுதியை ஏற்று ரெட்டர், பிளாக்கர், ஒயிட்டர் என்றும், உச்சத்தைக் குறிக்கையில் ‘தி’ முன்வர ரெட்டஸ்ட், பிளாக்கஸ்ட் என்றும் ஆகும். இவற்றுள் ரெட் மட்டும் தன் இறுதி எழுத்தான ‘டி’யை இரட்டித்துக்கொள்கிறது. ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்று நன்னூலில் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. கல்லோடு எறி சேர்ந்தால் கல்லெறி ஆவது போலத்தான் இதுவும். கிரீனில் உயிர் நெடிலாக ஒலிப்பதால் ‘என்’ இரட்டிப்பதில்லை.

ஓரசையைத் தாண்டினால் காது தயங்குகிறது. எல்லோ என்பது எல்லோவர் ஆகும். பர்ப்பிள் பர்ப்பிளர் ஆவதும் உண்டு, ஆனாலும் ‘மோர் பர்ப்பிள்’ என்பவர்களே மிகுதி. ஆரஞ்சுக்கு ‘மோர்’, ‘மோஸ்ட்’ ஆகியவைதாம் இயல்பு. இந்த ஆரஞ்சு சமஸ்கிருதத்தின் ‘நாரங்க’த்திலிருந்து பாரசீகம், அரபி வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல், அதற்கும் முந்தைய வேர் திராவிடம் என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் நாரத்தைக்கு உறவான சொல்தான் அங்கே போய் விகுதி ஏற்க மறுக்கிறது என்று சொன்னதும் பையன் சிரித்துவிட்டான்.

ஓரசைச் சொல்லுக்கும் ‘மோர்’ கட்டாயமாகிற இடம் ஒன்று உண்டு. ஒரே பொருளில் இரண்டு நிறங்களை ஒப்பிட்டு, இதைச் சிவப்பு என்பதைவிடப் பழுப்பு என்பதே பொருந்தும் என்று சொல்ல நேர்ந்தால், ‘மோர் பிரவுன் தேன் ரெட்’ என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே ‘பிரவுனர்’ வராது. நம் ஊர் அல்வாவின் நிறத்தைச் சொல்ல இதைவிட ஏற்ற அமைப்பு இல்லை.

தமிழில் பெயரடைக்கு இத்தகைய விகுதியே கிடையாது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இதைக் குறித்திருக்கிறார். அவர் வாழ்ந்த இடையன்குடியோ செந்தேரியை, அதாவது சிவந்த மணல்மேட்டை, ஒட்டிய ஊர். சிவப்பில் எத்தனை படிகள் உண்டு என்பதைக் கண்ணாலேயே காணக்கூடிய இடம். ஒப்பிடும் வேலையை நம் மொழியில் வேற்றுமை உருபு செய்கிறது. தொல்காப்பியம் ‘இன்’ உருபு ஏற்கும் ஐந்தாம் வேற்றுமைக்கு ‘இதனின் இற்று இது’ (இதனோடு ஒப்பிட இது இத்தன்மையது) என்று பொருள் கூறி, அது வரும் இடங்களை அடுக்கும்போது முதலில் வைப்பதே வண்ணத்தைத்தான். அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ‘காக்கையிற் கரிது களம்பழம்’ என்பது. களாப்பழம் காக்கையைப் போலக் கறுப்பா, காக்கையைவிடக் கறுப்பா என்பதை அந்த உருபு பிரித்துச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. இந்த ஓரிடத்தில் ஆங்கிலமே துல்லியம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உச்சத்தைச் சொல்வதில் நாம் ஏழைகள் அல்லர். செக்கச்செவேல், வெள்ளைவெளேர், பச்சைப்பசேல், கன்னங்கரேல் என்று நிறத்துக்கு நிறம் தனி அச்சில் வார்த்த சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. கார் பருவத்தில் அம்பாசமுத்திரத்து வயல்களைப் பார்த்துவிட்டு, ‘கிரீனஸ்ட்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் இப்படியொரு சொல் நமக்கில்லை. அங்கே ஆரஞ்சைத் தடுப்பது அசை. இங்கே நீலத்தைத் தடுப்பது வேர். சிவந்தது, கறுத்தது, வெளுத்தது, பசந்தது என்று வினையாகும் வேர் உள்ள நிறம்தான் செவேல் என்றும் கரேல் என்றும் விரிகிறது. ஆங்கிலத்திலும் பொதுவழக்கில் ரெட்டன், பிளாக்கன், ஒயிட்டன் என இவற்றுள் முதல் மூன்று நிறங்கள்தாம் ‘அன்’ விகுதியோடு வினையாகின்றன. மொழிகளில் நிறப்பெயர்கள் தோன்றும் வரிசையை ஆராய்ந்து 1969-இல் நூலாக வெளியிட்ட பெர்லினும் கேயும் முதலில் வைத்ததும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்னும் மூன்றைத்தான்.

பையனுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனேன். திரும்பி வந்தபோது நான்கை எழுதி முடித்து, ஐந்தாவதற்காக அடுக்களையிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்துவந்து வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ‘மோர் பிரவுன் தேன் பிளாக்’ என்று எழுதினான்.