கணக்கில் ஏறாத வேலை

மனநலப் பணிக்கு அரசு ஒதுக்கும் நிதி போதாது என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சொல்வதுதான். அதில் உண்மை உண்டு. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் மனநல சமூகப் பணியாளராக இத்தனை ஆண்டுகள் வேலை பார்த்தபின், அந்தப் பணம் எந்தச் செலவுத் தலைப்பில் வருகிறது என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

1982-இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் அங்கமாக 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு மாத மாத்திரைக்காக பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வரை பஸ் ஏறிவந்து காத்துக் கிடந்த குடும்பங்கள் பல, இன்று ஊர்ப்பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக வாங்கிக்கொள்கின்றன. ஆனால் எங்கள் மாத அறிக்கையில் ஏறுவது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை முகாம் நடந்தது என்பதுதான். வராமல் நின்றுபோனவரைத் தேடிப் போவது அதில் ஏறுவதில்லை.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண். காதில் குரல் கேட்டு உறக்கம் இழந்திருந்தவர், கோடாங்கி பார்த்து, புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் தங்கி, கடைசியில் மருத்துவரிடம் வந்து நன்றாகத் தேறியவர். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போனபோது மடியில் சுளகை வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, “மாத்திர போட்டா கை வெறச்சுப் போவுது சார், நூலு சுத்த வரமாட்டேக்கு” என்றார். நூல் சுற்ற வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. கூலியா மாத்திரையா என்று வந்தபோது அவர் கூலியைத் தேர்ந்தெடுத்தார். புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் சில நிமிடங்கள் மட்டுமே கிடைக்கிற மருத்துவருக்கு இது தெரிய வழியில்லை. தெரிந்தவுடன் மருந்தை மாற்றிக் கொடுத்தார்; அந்த அக்கா மறுபடி வரத் தொடங்கினார்.

இப்படி ஒரு வீட்டுக்குப் போய்வர ஒரு முழு நாள் பிடிக்கும். பஸ் செலவைப் பெரும்பாலும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ஒப்பந்த ஊதியத்தில் இருக்கும் பணியாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால், குடும்பத்தார் புதிதாக வருபவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லிச் சலித்துப்போய்ச் சிலர் அதோடு வருவதில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மடிந்த பிறகுதான் இந்த நோயாளிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று நாடு திரும்பிப் பார்த்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதை அவர்களது உரிமையாகவே எழுதியிருக்கிறது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கித் தேறுவதற்கான இடைநிலை இல்லங்களையும் சமூக அளவிலான மறுவாழ்வையும் அரசின் பொறுப்பாக்கியிருக்கிறது. அந்தப் பொறுப்பைச் சுமப்பதற்கான ஆளும் பணமும் தாலுகா அளவுக்கு இறங்கி வருவது அரிதாகவே இருக்கிறது.

முடியாத காரியம் என்று இதைச் சொல்ல முடியாது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. அந்தத் திட்டத்தின் பெண் தன்னார்வலர்களுக்கு மனநலத்திலும் முறையான பயிற்சி தந்து, வீடு தேடிச் செல்வதற்கென்று தனித் தலைப்பில் பயணப்படியும், சமூகப் பணியாளருக்கு நிரந்தரப் பணியிடமும் ஒதுக்க வேண்டும் என்பதே ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் என் கோரிக்கை.