உப்புத் தண்ணீரில் விதைகள்: டார்வின் கடிதங்களைப் படித்துச் செய்து பார்த்தது

சார்லஸ் டார்வின் தன் நண்பரும் தாவரவியலாளருமான ஜோசப் டால்டன் ஹூக்கருக்கு எழுதிய கடிதங்களை வரிசையாகப் படித்து வருகிறேன். இருவருக்கும் இடையே போய்வந்தவற்றில் ஏறத்தாழ 1,400 கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று தான் நினைக்கத் தொடங்கியிருப்பதைச் சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வதுபோல இருக்கிறது என்று 1844 ஜனவரியில் எழுதினாரே, அந்தக் கடிதத்தைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்குப் பிடித்தவை 1855 ஏப்ரல், மே மாதக் கடிதங்கள். அவற்றில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. நாற்றமெடுத்த பாட்டில்களும், ஹூக்கரை எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்ற ஆசையும்தான் இருக்கின்றன. படித்ததும் நாமும் செய்து பார்க்கலாமே என்று இறங்கிவிட்டேன்.

கேள்வி இதுதான். கண்டத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, நடுக்கடலில் இருக்கும் தீவுகளுக்குச் செடிகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன? முன்பு அங்கெல்லாம் நிலப்பரப்பு இருந்தது, பிறகு கடலுக்குள் போய்விட்டது என்று இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் சொன்னார். கியூ தாவரத் தோட்டத்தில் இருந்த ஹூக்கருக்கும் அந்தப் பக்கமே சாய்வு. ஒரு செடியின் வரவை விளக்குவதற்காக ஒரு கண்டத்தையே உண்டாக்கி மூழ்கடிப்பது டார்வினுக்குப் பிடிக்கவில்லை. விதை கடலில் மிதந்து போயிருக்கக் கூடாதா என்று கேட்டார். உப்புநீரில் விதை எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதை அதுவரை யாரும் ஒழுங்காகச் சோதித்திருக்கவில்லை.

படிக்கிற முறையைப் பற்றி ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜில் 1974இல் தொடங்கிய பதிப்புத் திட்டம் 15,000 கடிதங்களைத் திரட்டி 30 தொகுதிகளாக முடித்திருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். டார்வின் பல கடிதங்களில் ஆண்டைக் குறிப்பிடுவதில்லை. ஊர் பெயரும் கிழமையும் இருந்தால் பெரிது. தேதியைப் பதிப்பாசிரியர்கள் உள்ளடக்கத்தை வைத்துக் கணித்து, அடைப்புக்குறிக்குள் தருகிறார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. 1862 வரை தனக்கு வந்த கடிதங்களை அவர் கம்பியில் குத்தி வைப்பார். கம்பி நிறைந்ததும் எரித்துவிடுவார். அதனால் அந்த ஆண்டுகளில் பல இடங்களில் ஹூக்கர் என்ன சொன்னார் என்பதை டார்வினின் பதிலை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. நோட்டில் இடப்பக்கம் கடிதத்தின் சுருக்கம், வலப்பக்கம் என் பாட்டில்களின் நிலை என்று எழுதிவருகிறேன்.

டார்வின் செயற்கைக் கடல்நீரைச் சிறு பாட்டில்களில் ஊற்றி, விதைகளைப் போட்டு, நிழலான இடத்தில் வெளியே வைத்தார். சிலவற்றை நிலவறையில், பனிக்கட்டி நிரப்பிய தொட்டிக்குள் வைத்தார். அவ்வப்போது சில விதைகளை எடுத்து விதைத்துப் பார்த்தார். நான் மீன்தொட்டிக் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைத்துக்கொண்டேன். சமையல் உப்பு மட்டும் போதாது. கடல்நீரில் மக்னீசியமும் கால்சியமும் உண்டு. அவை இல்லாத வெறும் சோடியம் குளோரைடு விதைக்கு இன்னும் கடுமையானது. முள்ளங்கி, மிளகாய், தக்காளி, வெங்காயம், பச்சைப்பயறு ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கை உப்பில் போடாமல் முதலிலேயே முளைக்கவைத்துப் பார்த்துவிட்டேன். விதையே பழசு என்றால் பழி உப்பின் மேல் விழக் கூடாது அல்லவா? ஒரு செட் பால்கனியில், ஒரு செட் குளிர்சாதனப் பெட்டியில். டார்வின் வாழ்ந்த டவுன் (Down) என்ற கிராமத்துப் பனித்தொட்டிக்கு என்னால் கொடுக்க முடிந்த மாற்று அதுதான். "நல்ல விதையை எதற்கடா உப்பில் போட்டுக் கெடுக்கிறாய்?" என்று அம்மா கேட்டார். ஹூக்கரும் ஏறக்குறைய அதைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

நாற்றத்தைப் பற்றி டார்வின் மிகைப்படுத்தவில்லை. முள்ளங்கி போட்ட நீர் எவ்வளவு அழுகியது என்பதைத் தானே முகர்ந்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன் என்றும், அதிலிருந்து முள்ளங்கி முளைத்ததுதான் ஆச்சரியம் என்றும் அவர் எழுதினார். என் பால்கனி பாட்டில் முதல் வாரத்திலேயே அந்த நிலைக்கு வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் அடுத்த அறைவரை போகிறது. அதிலிருந்து எடுத்த விதைகளில் சில மட்டுமே முளைத்தன, அவையும் நோஞ்சான்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தவை நாறவும் இல்லை, முளைப்பதிலும் பெரிதாகக் குறையவில்லை. விதையைக் கெடுப்பதில் உப்பைவிட அழுகலுக்கே பங்கு அதிகம் என்று சந்தேகப்படுகிறேன். என்னிடம் இருப்பது சில பாட்டில்கள்தான், இதற்குமேல் இழுக்க மாட்டேன்.

பச்சைப்பயறு பரிதாபம். ஊறி, தோல் வெடித்து, வழவழவென்று ஆகிவிட்டது. டார்வினும் பிற்பாடு இதையே குறித்திருக்கிறார்: அவர் சோதித்த ஒன்பது அவரைக் குடும்பச் செடிகளில் ஒன்றைத் தவிர மற்றவை உப்புநீரை மோசமாகவே தாங்கின. ஆனால் பயறை வடிகட்டியபோது, ஊறவே ஊறாமல் கல்போலக் கிடந்த சில மணிகள் கண்ணில் பட்டன. சமையலில் வேகாமல் பல்லில் கடிபடுகிறதே, அதே சாதி. தோலை லேசாக உரசி ஈரத்துணியில் வைத்ததும் முளைத்துவிட்டன. நீர் உள்ளே போனால்தானே உப்பும் போகும்? இதே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கழற்சிக்காய் கெட்டியான ஓட்டோடு கடல் கடந்து ஐரோப்பியக் கரைகளில்கூட ஒதுங்குகிறது. ஒரு குடும்பத்தை மொத்தமாகப் பலவீனம் என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு இப்போது தயக்கம் இருக்கிறது.

மிளகாய்தான் வீரன். 137 நாள் ஊறிய பிறகும் டார்வினுடைய 56 மிளகாய் விதைகளில் 30 நன்றாக முளைத்தன. என்னுடையவை அத்தனை நாளை இன்னும் எட்டவில்லை. இதுவரை எடுத்தவற்றில் உப்பில் போட்டதற்கும் போடாததற்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் கடிதங்களின் ருசியைச் சொல்லியாக வேண்டும். முதல் விதைகள் பிழைத்தது தெரிந்த பிறகும் டார்வின் அதை ஹூக்கரிடம் உடனே சொல்லவில்லை. உப்பில் ஊறிய விதையிலிருந்து நீ வளர்க்கும் செடிகளை எல்லாம் நானே தின்கிறேன் என்று ஹூக்கர் வாயைக் கொடுப்பார், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்ததாகப் பிறகு அவரே ஒப்புக்கொள்கிறார். டாக்டர் ஹூக்கரை ஜெயித்துவிடுவீர்களா என்று குழந்தைகள் வேறு அடிக்கடி கேட்டிருக்கிறார்கள். கிரெஸ் கீரையும் லெட்யூஸும் 21 நாளுக்குப் பிறகு முளைத்தபோது அந்த வீட்டில் என்ன கொண்டாட்டம் நடந்திருக்கும்!

அடுத்த கட்டத்தில்தான் அடி விழுந்தது. விதை பிழைத்தால் போதுமா, மிதக்க வேண்டாமா? பெரும்பாலானவை மூழ்கின. இந்த நன்றிகெட்ட பயல்களை உப்பில் ஊறவைக்க இவ்வளவு பாடுபட்டது வீணா என்று புலம்பி ஒரு கடிதம் போகிறது. அதே மே மாதம் இன்னொரு கடிதம். லண்டன் விலங்கியல் சங்கத்தின் மீன்களுக்கு ஊறிய விதைகளைப் போட்டார்கள், மீன்கள் விழுங்கின. அந்த மீனை ஒரு நாரை பிடித்து, நூறு மைல் பறந்து, வேறோர் ஏரிக்கரையில் எச்சமிட, விதை அமோகமாக முளைப்பதுவரை டார்வின் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார். மீன்களோ எல்லாவற்றையும் துப்பிவிட்டன. தனக்கு வந்த அளவு அருவருப்போடு துப்பின என்று எழுதுகிறார். இந்தச் சோதனைகளைப் பற்றி டார்வின் எழுதி, 1857இல் லண்டன் லின்னியன் சங்கம் என்ற இயற்கையியல் அமைப்பின் இதழில் வந்த கட்டுரை மிகவும் பயனுள்ளதுதான். ஆனால் இரண்டையும் கொடுத்து ஒன்றை வைத்துக்கொள் என்றால் நான் கடிதங்களையே எடுப்பேன். ஒரு வழி அடைபட்டதும் அவர் மனம் அடுத்த வழிக்குத் தாவுவது அவற்றில்தான் தெரிகிறது.

மூழ்கும் சிக்கலுக்கு அவர் கண்ட வழி: தனி விதையை விட்டுவிட்டு, பழமோ காயோ இருக்கும் கிளையை உலர்த்தி மிதக்கவிடுவது. முற்றிய ஹேசல் கொட்டை உலர்த்தாமல் போட்டபோது உடனே மூழ்கியது. உலர்ந்தது 90 நாள் மிதந்து, பிறகு முளைக்கவும் செய்தது. உலர்த்திய 94 வகைச் செடிகளில் 18 வகை 28 நாளுக்கு மேல் மிதந்தன. 87 வகை விதைகளில் 64 வகை 28 நாள் ஊறியும் முளைத்தன. இரண்டையும் சேர்த்து, நூற்றில் 14 செடிகளின் விதை 28 நாள் மிதந்தும் முளைக்கும் என்று கணக்கிட்டார். அட்லாண்டிக் நீரோட்டத்தின் சராசரி வேகம் நாளுக்கு 33 மைல். ஆகவே 28 நாளில் 924 மைல் போகலாம்.

நான் மிளகாய் வற்றலை மிதக்கவிட்டேன். உதிரி விதைகள் சில நாட்களில் ஒவ்வொன்றாக அடியில் போய்விட்டன. காம்பு உடையாத வற்றல் மட்டும் உள்ளே காற்றோடு அலட்சியமாக மிதக்கிறது. காம்பைக் கிள்ளிய வற்றலில் நீர் புகுந்து சீக்கிரமே சாய்ந்தது. உப்பைத் தாங்கும் விதை, அதற்கு மிதக்கும் உறை, இரண்டும் ஒரே செடியில். ஆனால் கடல் அலையும் வெயிலும் பக்கெட்டில் கிடையாது. அதனால் மைல் கணக்குப் போடவில்லை.

வெங்காயத்தின் குறிப்பு சுருக்கமானது: நாற்றம், முளைப்பு இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த வெங்காய விதை பாதியளவு பிழைத்தது. தக்காளி நடுவாந்திரம்.

மிளகாய் பாட்டில்கள் தொடர்கின்றன. 137 நாளைத் தொடும்வரை எடுப்பதாக இல்லை. அதற்கிடையில் அடுத்தது சேறு. ஒரு சிறு குளத்தின் ஓரத்தில் மூன்று இடங்களில் எடுத்த மூன்று மேஜைக்கரண்டிச் சேற்றை ஆறு மாதம் தன் படிப்பறையில் மூடிவைத்து, முளைத்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணியிருக்கிறார் டார்வின். மொத்தம் 537. நீர்ப்பறவையின் காலில் ஒட்டும் சேற்றில் எவ்வளவு விதை பயணம் செய்யலாம் என்பது அங்கே கேள்வி. குளம் பார்த்துவைத்துவிட்டேன். சேற்றை வீட்டுக்குள் வைக்க அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. பால்கனியில் என்றால் சரி, முதலில் அந்த முள்ளங்கி பாட்டிலைக் கொட்டு என்கிறார்.